சிகரம் வரை கியூ

பெங்களூரில் வார இறுதி என்றால் மலை என்றாகிவிட்டது. அந்த மலைகளில் இப்போது ஏறுவதற்கு முன்பதிவு வேண்டும். இரவு தங்குவதற்கோ இடமே இல்லை.

2024 ஜனவரி 26 ஒரு வெள்ளிக்கிழமை. குடியரசு தின விடுமுறையோடு சனியும் ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் கிடைத்தால் பெங்களூர்க்காரர்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள். அந்த வார இறுதியில் மேற்குத் தொடர்ச்சி மலையில் குமார பர்வதத்தின் புல்வெளி முகட்டில் எடுக்கப்பட்ட படங்கள் நாடு முழுவதும் கைபேசிகளில் சுற்றின. ஆளுயரப் புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அதில் முதுகில் பையோடு ஒருவர் பின் ஒருவராக ஆயிரக்கணக்கானவர்கள். திருப்பதி தர்ம தரிசன வரிசையைத் தூக்கி மலைமேல் வைத்த மாதிரி இருந்தது. முன்னால் நின்றவர் நகர்ந்தால்தான் பின்னால் இருப்பவர் காலை எடுத்து வைக்க முடியும் என்ற நிலை.

அடுத்த சில நாட்களில் கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே உத்தரவு போட்டார்: இணையவழி முன்பதிவு இல்லாத மலைப்பாதைகள் எதிலும், அந்த வசதி வரும்வரை ஏறக்கூடாது. பெங்களூரில் வெள்ளிக்கிழமை இரவுகளை நம்பிப் பிழைத்த எத்தனையோ டெம்போ டிராவலர் வண்டிகள் அந்த வாரம் ஓடாமல் நின்றன.

குமார பர்வதத்தின் மீது ஏன் இத்தனை மோகம்? உயரம் மட்டும் காரணமல்ல. கர்நாடகத்தின் மிக உயர்ந்த சிகரமான முல்லையனகிரி சுமார் 1,930 மீட்டர். அங்கே சிகரத்துக்குச் சற்றுக் கீழே வரை கார் போகிறது, மிச்சம் படிக்கட்டு. குமார பர்வதம் 1,712 மீட்டர்தான். ஆனால் மலையடிவாரமான குக்கே சுப்ரமண்யா கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத ஊர். ஆகவே ஏறுபவர் ஏறக்குறைய முழு உயரத்தையும் தன் காலாலேயே ஏறியாக வேண்டும். ஒரு வழிக்கு மட்டும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கர்நாடகத்தில் இதைவிடக் கடினமான நடை கிடையாது என்று மலையேறிகள் சத்தியம் செய்வார்கள். கஷ்டமானது என்று பெயர் வாங்கிவிட்டால் கூட்டம் தானாக வரும்.

தமிழர்களுக்கு இந்த மலை அந்நியமும் அல்ல. தாரகாசுரனை வதம் செய்த பிறகு முருகன் இங்கே வந்து தன் வேலைக் கழுவிய நதிதான் குமாரதாரா என்பது தலபுராணம். இந்திரன் தன் மகள் தேவசேனாவை, நம் தெய்வானையை, முருகனுக்கு மணம் முடித்துக் கொடுத்ததும் இந்த மலையில்தான் என்கிறார்கள். திருப்பரங்குன்றத்துக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது வேறு வழக்கு. கருடனுக்கு அஞ்சிய வாசுகி இங்கே தஞ்சம் புகுந்ததாகவும் நம்பிக்கை உண்டு. அதனால்தான் நாக தோஷம் கழிக்க சேலத்திலிருந்தும் கோவையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக குக்கேவுக்கு வருகிறார்கள். கோவிலுக்கு வருகிறவர்களும் மலைக்கு வருகிறவர்களும் ஒரே பஸ்ஸில்தான் வந்து இறங்குகிறார்கள். பூக்கூடையா, உருட்டிக் கட்டிய பாயா என்பதை வைத்து எவர் எங்கே என்று சொல்லிவிடலாம்.

பெங்களூர் மெஜஸ்டிக்கிலிருந்து இரவு பஸ் ஏறினால் ஹாசன், சகலேஷ்பூர் வழியாக விடியும் நேரத்தில் சுப்ரமண்யா வந்துவிடுகிறது. கோவிலைத் தாண்டி சிறிது தூரத்தில் தார்ச்சாலையை விட்டுப் பாதை காட்டுக்குள் நுழைகிறது. முதல் 5 கிலோமீட்டர் அடர்ந்த காடு. வேர்களே படிகள். வெயில் தரையைத் தொடாது, காற்றும் உள்ளே வராது. பதினைந்தே நிமிஷத்தில் சட்டை நனைந்துவிடும். மழை ஓய்ந்த கையோடு போனால் அட்டை வேறு. உப்பு, மூக்குப்பொடி, புகையிலைத் தண்ணீர் என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். எதற்கும் அசராத அட்டைகளும் இருக்கின்றன. பீமன் பாறை என்ற பெரிய பாறையில் எல்லாரும் உட்கார்ந்து விடுவார்கள். இன்னும் எவ்வளவு தூரம் என்று இறங்கி வருகிறவர்களிடம் கேட்டால் "ஹத்து நிமிஷ" என்பார்கள். பத்து நிமிஷம் என்பது இந்த மலையில் ஒரு ஆறுதல் வார்த்தை, கணக்கல்ல.

காடு முடியும் இடத்தில், கிரிகத்தே என்ற மேட்டில், பாக்குத் தோட்டத்துக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. 'பட்டரமனே', அதாவது பட்டர் வீடு. தலைமுறை தலைமுறையாக மலையேறிகளுக்குச் சோறு போட்ட வீடு இது. சோறு, சாம்பார், ஊறுகாய், மோர், அவ்வளவுதான். ஆனால் 5 கிலோமீட்டர் காட்டேற்றத்துக்குப் பிறகு அந்தச் சாம்பாருக்கு ஈடாக எம்.டி.ஆரில்கூட எதுவும் கிடைக்காது என்று சொல்கிறவர்கள் பெங்களூரில் ஏராளம். ஹோட்டலோ போர்டோ இல்லாத ஒரு வீட்டை நம்பி, கன்னடம் ஒரு வார்த்தை தெரியாத பையன்களும் பெண்களும் கொத்துக் கொத்தாக ஏறி வந்தார்கள். வீட்டு முற்றத்தில் கூடாரம் அடித்துக்கொள்ளவும் இடம் கிடைத்தது.

பட்டர் வீட்டைத் தாண்டியதும் வனத்துறைச் சோதனைச் சாவடி. அதற்கப்பால் புஷ்பகிரி வனவிலங்கு சரணாலயம். 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது அதில் புஷ்பகிரியும் ஒன்று. இங்கிருந்து மரம் கிடையாது. புல், புல், புல் மட்டும்தான். நிழலுக்கு ஒதுங்க வழியில் ஒரு கல் மண்டபம்தான் உண்டு. அருகே மெல்லியதாக ஒரு ஊற்று. அதன் பிறகு சேஷ பர்வதம். பாம்பின் படம் போலப் புடைத்து நின்று மறுபக்கம் செங்குத்தாக விழும் பாறை. குமார பர்வதம் அதற்கும் அப்பால். நடுவே மறுபடி ஒரு காட்டுக்குள் இறங்கி, வழுக்குப் பாறையில் தவழ்ந்து ஏற வேண்டும். உச்சியில் சின்னக் கல் சன்னிதி, முருகனின் பாதம், மேகம். பல நாட்களில் மேகம் மட்டுமே.

புல்வெளியும் அதன் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் குட்டைக் காடுகளும் சேர்ந்த இந்த நிலத்துக்கு உலகம் முழுக்க விஞ்ஞானிகள் வழங்கும் பெயர் ஒரு தமிழ்ச் சொல்: சோலை. புல் மழைநீரைப் பிடித்துச் சோலைக்குக் கொடுக்கிறது. சோலை அதைக் கோடை வரை வைத்திருந்து ஓடையாக விடுகிறது. குமாரதாரா அப்படித்தான் பிறக்கிறது. அது மலையிறங்கி, குக்கேயில் பக்தர்கள் முங்கி எழும் ஸ்நான கட்டத்தைக் கடந்து, உப்பினங்கடியில் நேத்ராவதியோடு கலக்கிறது. கழிவறையே இல்லாத முகட்டில் ஒரே வார இறுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தால், அது கடைசியில் எந்தப் படித்துறைக்கு வந்து சேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேலே போனவர்களில் பாதிப்பேர் இறங்கி வந்து அதே படித்துறையில்தான் குளிக்கிறார்கள்.

சேஷ பர்வதத்தின் புல்தரையில் கூடாரம் போட்டு, நெருப்பு மூட்டி, கிதார் வாசித்து, காலையில் காலடியில் மேகக்கடலைப் பார்த்த கதைகளை நாற்பது வயதைத் தாண்டிய பெங்களூர் மலையேறிகள் இன்னமும் சொல்வார்கள். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி ஒரு சரணாலயத்துக்குள் போவதே தவறு. உள்ளே நெருப்பு மூட்டக் கூடாது என்று தனிப்பிரிவே இருக்கிறது. அந்தக் காலத்தில் சட்டம் இருந்தது, ஆள் இல்லை; அதனால் யாரும் கேட்கவில்லை. 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்ற பெங்களூரின் தேசிய கீதம் காட்டுக்குள்ளும் செல்லுபடியானது. பத்துப் பேர் ஏறிய காலத்தில் அட்ஜஸ்ட் செய்ய முடிந்தது. இப்போது சரணாலயத்துக்குள் கூடாரம் கிடையாது என்பது கண்டிப்பான விதி.

இந்த விஷயத்தில் வெளிநாட்டைக் காட்டிப் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் 2003இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரும்பாலான திறந்தவெளி நிலங்களில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், கூடாரம் போட்டுத் தூங்கலாம் என்று உரிமையே கொடுக்கிறது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் அந்த உரிமை உண்டா என்று ஒரு நில உரிமையாளர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம் கூடாரக்காரர்கள் ஜெயித்தார்கள். ஆனால் அதே ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் லோமண்ட் ஏரிக்கரையில் கூட்டமும் குப்பையும் தாங்காமல் 2017 முதல் கோடை மாதங்களில் கூடாரத்துக்கு அனுமதிச்சீட்டு முறை வந்துவிட்டது. பெரிய நகரத்துக்கு அருகே இருக்கும் மலைக்கு எந்த நாட்டிலும் இதே விதிதான் போலிருக்கிறது. பெங்களூருக்கோ ஒரு கோடிக்கு மேல் ஜனத்தொகை.

கூடாரத்தில் தூங்கும் ஆசை தடையால் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. சிக்மகளூர், சகலேஷ்பூர், குடகுப் பக்கம் காபித் தோட்டங்களில் இன்று வரிசையாகக் கூடாரங்கள். ஓரமாக ஒரு விளக்குக் கம்பம், குளியலறை, இரவு உணவு, சில இடங்களில் காதைப் பிளக்கும் பாட்டு. இதையும் 'கேம்பிங்' என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். காட்டில் தூங்கியதாக திங்கட்கிழமை ஆபீஸில் சொல்லிக்கொள்ளலாம். பெங்களூரின் வைல்ட்கிராஃப்ட் கம்பெனி 1998இல் தொடங்கியபோது கூடாரம்தான் அதன் ஆரம்பச் சரக்கு. இன்று அந்தப் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புத்தகப் பையில் தொங்குகிறது. நகரத்தின் மலையாசை எவ்வளவு பெரிய வியாபாரமாகிவிட்டது என்பதற்கு இது போதும்.

எல்லாரும் இரவெல்லாம் பஸ்ஸில் போவதில்லை. பெங்களூரே 900 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பீடபூமியில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றிலும் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் பாறை மலைகள். ராமநகரத்தின் பழைய ஆங்கிலப் பெயரான குளோஸ்பேட்டையை வைத்தே இந்தக் கருங்கல் வகைக்குப் புவியியலாளர்கள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதான கல். 'ஷோலே'யில் கப்பர் சிங் உறுமியது இந்தப் பாறைகளுக்கு நடுவில்தான். ராமநகரம் மாவட்டத்துக்கு 2025இல் பெங்களூர் தெற்கு என்று பெயர் மாற்றியிருக்கிறது கர்நாடக அரசு. மலைகள் அதனால் ஒன்றும் கிட்டே வந்துவிடவில்லை.

இவற்றில் பெரியது மாகடி தாலுகாவில் உள்ள சாவன்துர்கா. 1,226 மீட்டர். ஒரே கல்லாலான மலைகளில் ஆசியாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்பார்கள். பெயரைக் கேட்டால் தமிழ்க் காது கொஞ்சம் துணுக்குறும். பிரிட்டிஷ்காரர்களும் அதை 'மரணப் பாறை' என்றே பொருள் கொண்டார்கள். 1791 டிசம்பரில் திப்பு சுல்தானோடு நடந்த போரில் கார்ன்வாலிஸின் படை இந்தக் கோட்டையைச் சில நாட்கள் பீரங்கியால் அடித்து, 21ஆம் தேதி ஏறிப் பிடித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு நந்தி மலைக் கோட்டையும் விழுந்திருந்தது. திப்புவின் காலத்தில் காவலுக்குக் கட்டிய மதில்களின் மிச்சத்தில் இன்று ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சாவன்துர்காவின் ஆபத்து உயரத்தில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. கவிழ்த்த பானை போன்ற மலை. ஏறும்போது எதிரே பாறை தெரிகிறது, கையைக் காலை ஊன்றி ஏறிவிடலாம். உச்சியில் நந்தி மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் வினை. கீழே போகப் போகச் சரிவு கூடிக்கொண்டே போகும். இருபதடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மேலிருப்பவருக்குத் தெரியாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பு. நாலடி தள்ளி இறங்கத் தொடங்கினால் கடைசியில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். லேசான தூறல் போதும், கல் சோப்பாகிவிடும். கடினமான மலை என்று பயந்து போகிற குமார பர்வதத்தைவிட, காலை டிபனுக்கு முன் ஏறி இறங்கிவிடலாம் என்று நினைத்துப் போகிற இந்த மலை பொல்லாதது.

நந்தி மலையில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. தமிழ்நாட்டுக்குப் பாலாறும் தென்பெண்ணையும் அனுப்பி வைக்கும் மலைக்கூட்டம் அது. 1,478 மீட்டர். உச்சி வரை தார்ச்சாலை. 1986இல் பெங்களூர் சார்க் மாநாட்டுக்கு வந்த தலைவர்கள் ஓய்வெடுக்கப் போனதும் இங்கேதான். இவ்வளவு சாதுவான இடத்தில், பக்கத்திலிருக்கும் பிரம்மகிரிப் பாறையில் 2022 பிப்ரவரி 20 ஞாயிற்றுக்கிழமை தனியாக ஏறிய 19 வயது மாணவர் ஒருவர் சறுக்கி, சுமார் 300 அடி கீழே ஒரு பாறைத் திட்டில் போய் நின்றார். கைபேசி இருந்ததால் தகவல் வந்தது. யெலகங்காவிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து கயிறு விட்டுத் தூக்கியது. பெங்களூருக்குப் பக்கத்தில் விமானப்படைத் தளம் இருப்பது அவர் அதிர்ஷ்டம். புஷ்பகிரிக் காட்டில் அதே சறுக்கல் நேர்ந்தால் ஸ்ட்ரெச்சரைத் தோளில் சுமந்து பாதி நாள் இறங்க வேண்டும்.

சிக்பள்ளாபூர் அருகே ஸ்கந்தகிரிக்கு நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் ஏறி, சூரியோதயத்தில் மேகக்கடலைப் பார்ப்பது ஒரு காலத்தில் பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஒரு சடங்காகவே இருந்தது. இரவு ஏற்றத்துக்குத் தடை வந்தது; கர்நாடகத்தில் முன்பதிவு முறைக்கு முதலில் வந்த மலைகளில் அதுவும் ஒன்று. சகலேஷ்பூருக்கும் சுப்ரமண்யாவுக்கும் நடுவே ரயில் பாதையில் நடப்பது இன்னொரு பைத்தியம். 57 சுரங்கங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். மீட்டர் கேஜை அகலப்பாதையாக்க ரயில்களை நிறுத்தியிருந்த வருஷங்களில் அது தண்டவாளத்தில் ஒரு சொர்க்க நடை. ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகும் நடந்தவர்கள் இருக்கிறார்கள். சுரங்கத்துக்கு நடுவில் எதிரே விளக்கு தெரிந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். இப்போது பிடித்தால் வழக்கு.

தமிழ்நாட்டில் மலையேற்றம் என்பது ரொம்ப நாள் வரை நேர்த்திக்கடனாகத்தான் இருந்தது. வெள்ளியங்கிரி, சதுரகிரி, பொதிகை; கையில் மூங்கில் கம்பு, வாயில் சிவநாமம். பொழுதுபோக்காக ஏறும் பழக்கம் சென்னைக்கு வந்தது கம்ப்யூட்டர் கம்பெனிகளோடுதான். அந்தப் பழக்கத்தின் கறுப்பு நாள் 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. மருத்துவமனைகளில் நாளுக்கொரு மரணமாகக் கணக்கு ஏறி, கடைசியில் 23 பேர். பெரும்பாலும் இளம் வயதினர், பெண்கள் அதிகம்.

அந்தத் தீயைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மார்ச் மாதத்து மலைப்புல் வைக்கோலுக்குச் சமம். சரிவில் பற்றிய தீ மேல்நோக்கிப் போகும்போது, அதன் அனல் மேலேயிருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. அதனால் சமவெளியில் ஊர்ந்து போகும் அதே தீ, ஏற்றத்தில் ஓடுகிறது. மனிதனோ ஏற்றத்தில்தான் மெதுவாகப் போகிறான். தீயைக் கண்டால் மேலே ஓடாதே என்பது காட்டுவாசிகளுக்குத் தெரிந்த பாடம். கர்நாடகத்தின் உயரமான மலைகளெல்லாம் இதே புல்தான் என்பதால்தான் கோடைக்கு முன்பே பாதைகளை மூடுகிறார்கள். சேஷ பர்வதத்தில் அன்று மூட்டிய கிதார் நெருப்புகள் பெரிதாகப் பற்றாமல் போனதெல்லாம் காற்றின் கருணை.

குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு அரசே முன்பதிவு செய்து, மலைவாழ் மக்களில் பயிற்சி பெற்றவர்களை வழிகாட்டிகளாக அனுப்பும் திட்டம் தொடங்கியது. அதே மாதம் கர்நாடகம் 'ஆரண்ய விஹாரா' என்ற இணையதளத்தைத் திறந்தது. ஒரு பாதையில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 300 பேர். பேர், அடையாள அட்டை எண் கொடுத்துப் பணம் கட்டினால்தான் சாவடியில் கதவு திறக்கும்.

இது சரிதானா என்பதில் மலையேறிகளுக்குள் சண்டை இருக்கிறது. 300 என்பதே அதிகம் என்கிறார்கள் காட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள். ஒற்றையடிப் பாதை 300 ஜோடிக் காலைத் தாங்காது, மண் அரித்து ஓடும் என்பது அவர்கள் வாதம். மறுபக்கத்தில், இரண்டு நண்பர்களோடு அமைதியாகப் போய்வந்தவர்கள் தங்களையும் நாற்பது பேரைக் கும்பலாகக் கூட்டிவரும் கம்பெனிகளையும் ஒரே தராசில் வைத்துவிட்டார்கள் என்று நொந்துகொள்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. பாதையை முதலில் கண்டுபிடித்தவர்களும், வரைபடம் போட்டுப் பகிர்ந்தவர்களும் அவர்களே. ஆனால் அந்தப் பகிர்வுதான் கும்பலையும் கூட்டி வந்தது. எல்லாருக்கும் மூத்த உரிமைக்காரர்கள் இந்த வாதத்தில் வாயே திறப்பதில்லை: குதிரேமுக, புஷ்பகிரிக் காடுகளின் மலெகுடியர்கள். தேசியப் பூங்கா என்று 1987இல் அறிவித்த பிறகு குதிரேமுகக் காட்டை விட்டு வெளியேறச் சொல்லி அவர்களுக்குப் பல பத்தாண்டு நெருக்கடி. 1,894 மீட்டர் குதிரேமுகச் சிகரத்துக்குப் போகிறவர்கள் முல்லோடியில் அவர்களது அக்கம்பக்கத்து வீடுகளில்தான் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள்.

உள்ளூரில் கதவு இறுகினால் கால் இமயமலைக்குப் போகிறது. அங்கே இன்னும் கூடாரம் உண்டு, நட்சத்திரம் உண்டு. 2024 மே மாதக் கடைசியில் பெங்களூரிலிருந்து அப்படிப் போன ஒரு குழு, உத்தராகண்டில் உத்தரகாசி-தெஹ்ரி எல்லையிலுள்ள சஹஸ்ர தால் ஏரிக்கு நடந்தது. உள்ளூர் வழிகாட்டிகள் மூவரையும் சேர்த்து 22 பேர். ஏரி இருக்கும் உயரம் 4,400 மீட்டருக்கு மேல். புதியவர்கள் அல்ல, பலருக்கு இமயத்தில் பல நடைகள் நடந்த அனுபவம். ஜூன் முதல் வாரத்தில் திரும்பும் வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. பார்வைக்குப் பாதை தெரியவில்லை, முகாமுக்கு வரமுடியவில்லை, இரவைத் திறந்தவெளியில் கழித்தார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். இளையவருக்கு 34 வயது, மூத்தவருக்கு 71. விமானப்படை ஹெலிகாப்டர்களும் மாநில மீட்புப் படையும் 13 பேரைக் கொண்டுவந்தார்கள். கர்நாடக அமைச்சர் கிருஷ்ண பைரே கௌடா டேராடூன் போய் உடனிருந்தார். குமார பர்வதத்தின் கூட்டப் படத்துக்கும் இதற்கும் இடையில் ஐந்து மாதம்கூட இல்லை.

குளிரில் மரணம் எப்படி வருகிறது என்பது தென்னிந்தியர்களுக்கு எளிதில் பிடிபடாது. பனி கொல்வதில்லை, நனைவதும் காற்றும்தான் கொல்கின்றன. ஏறும்போது வியர்த்த உள்ளாடை, மேலே விழுந்து உருகிய பனி, அதன்மேல் வீசும் காற்று. உடம்பின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தடுமாறுவது கை விரல்கள் மட்டுமல்ல, புத்தியும்தான். நின்றுவிடலாம், கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றும். நடுக்கம் நின்றால் ஆள் தேறிவிட்டார் என்று பக்கத்திலிருப்பவர் நினைப்பார். உண்மையில் அது மோசமான கட்டம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்ற பள்ளிக்கூடக் கணக்கைப் பார்த்தால், பெங்களூரின் ஜூன் மாத இதத்துக்கும் அந்த ஏரிக்கரைக்கும் இடையில் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம். சாவன்துர்காவில் பழகிய காலுக்கு இது தெரியாது. மாற்று உள்ளாடை ஒன்று பிளாஸ்டிக் பையில் நனையாமல் இருப்பதும், மதியத்துக்குள் சிகரம் வராவிட்டால் திரும்பிவிடுவது என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்வதும் பழைய ஆட்கள் சொல்லும் பாலபாடம். கட்டிய பணமும் எடுத்த லீவும்தான் அந்த முடிவை மாற்ற வைக்கின்றன.

மலைமேல் கூடாரம் போட்டு வாழ்வதையே தொழிலாக வைத்திருந்தவர்களும் இதே ஊரிலிருந்து புறப்பட்டவர்கள்தான். 1800இல் பெங்களூருக்கு அருகே சங்கிலி பிடித்து ஒரு அடிக்கோட்டை அளந்துவிட்டு, தென்னிந்திய மலைமுகடுகளில் முக்கோணம் முக்கோணமாக ஏறி இறங்கினார் வில்லியம் லாம்டன். அவருடைய ஆட்களைக் கொன்றது சிகரங்கள் அல்ல, அடிவாரத்துக் காய்ச்சல்தான். அந்தக் காய்ச்சலின் பயம் இப்போது குறைந்துவிட்டது. மாறாக, ஞாயிறு இரவுக்குள் பெங்களூர் திரும்பியாக வேண்டும் என்ற காய்ச்சல் இருக்கிறது. களைத்த காலோடு, இருட்டும் முன் பஸ்ஸைப் பிடிக்க ஓடி இறங்கும்போதுதான் கணுக்கால்கள் பிசகுகின்றன.

மழைக்காலத்திலும் தீக்காலத்திலும் குமார பர்வதம் மூடியிருக்கும். மழை ஓய்ந்த பிறகு, அக்டோபர் வாக்கில் கதவு திறக்கிறது. சனி, ஞாயிறு இடங்கள் முதலில் தீர்ந்துபோகின்றன. தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறைகளைக் கேட்கவே வேண்டாம். புதன்கிழமை போனால் இடம் தாராளமாகக் கிடைக்கும். கல் மண்டபத்துக்கும் சேஷ பர்வதத்துக்கும் நடுவே புல்லில் காற்று புகுந்து போகிற சத்தம் மட்டும் கேட்கும். ஆனால் புதன்கிழமை ஆபீஸ் உண்டு.